கொடுக்காமல் வைத்த சம்பளக் கடிதம்

கதிரேசன் துணை

வெள்ளவத்தை
22 ஒக்டோபர் 2017, ஞாயிறு

அன்பு மகள் நாகம்மைக்கு,

அப்பச்சி எழுதுவது. அந்தக் குளிரிலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் கதிரேசன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் உன் அம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம்தான். அம்மாவுக்கு வலது முழங்கால் மட்டும் படியேறும்போது பிடிக்கிறது, நீ அனுப்பிய செருப்பைப் போட்டால் வலி குறைவு என்கிறாள், ஆனால் வீட்டுக்குள்ளே செருப்போடு நடக்க மனசு வரவில்லை என்று அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள், நீ போனில் ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். புதன்கிழமை தீபாவளி முடிந்தது. அதற்கு முந்தின மூன்று நாளும் மழை, நம் ஒழுங்கையில் கணுக்கால் வரை தண்ணீர், இருந்தாலும் கடையில் தையல்காரர் கூட்டம் குறையவில்லை, சாரி ஓரத்துக்கு வைக்கிற தங்க லேஸ் ஒரு முழம் மிச்சமில்லாமல் போய்விட்டது. அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னில் அடைத்து, அமெரிக்கா போகிறவர்கள் யாராவது உண்டா என்று வெள்ளவத்தை முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை ஏன் போனில் சொல்லாமல் பேனா பிடித்து எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் வியாபாரி, கேள்வி வந்தால் பதிலை வளைக்கத் தெரிந்தவன், வளைத்துவிடுவேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். அம்மாவுக்கு இதில் பாதி முன்பே தெரியும், மற்றப் பாதியை நேற்றுத்தான் சொன்னேன். இன்று காலையிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை, தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், சீனி போடவில்லை. நீ உட்கார்ந்து வாசி. பஸ்ஸிலோ வேலை இடத்திலோ வைத்து வாசிக்காதே.

இரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ உன் பேச்சை எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். நவம்பர் பதினோராம் தேதி உன் கல்லூரியில் விருந்து, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளை ஒரு சதம் வாங்காமல் படிப்பிக்கிறோம் என்று கல்லூரி கொடுத்திருக்கிற வாக்குக்குப் பணம் போடுகிறவர்கள் எல்லாம் வருவார்கள், அந்த வாக்கால் படித்தவள் என்று நீ பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றாய். இங்கிலீஷில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாய். என் அப்பச்சி கொழும்பில் ஒரு தையல் சாமான் கடையில் சேல்ஸ்மன், இன்னொருவர் கடையில் நின்று பொத்தான் எண்ணிக் கொடுத்தவர், அவருடைய ஒரு மாதச் சம்பளம் இந்தக் கல்லூரியில் ஒரு கிழமைச் சாப்பாட்டுக்குக் காணாது, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் நீங்கள் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தீர்கள், நான் வந்து உட்கார்ந்தேன், என் அப்பச்சி பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்துத் தான் வேலை பார்த்த கடையையே வாங்கினார் என்று முடித்தாய். அம்மா அழுதாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஒழுங்கை முடிவுக்கு நடந்து, தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்தேன். இரண்டு ரயில் போயிற்று. ஆத்தா, நான் அந்தக் கடையில் ஒரு நாளும் சேல்ஸ்மனாக இருந்ததில்லை. அது முதல் நாளிலிருந்து என் கடை.

பதினாறு வயதில் லேஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மருதானை, பொறளை என்று தையல்கடை தையல்கடையாக ஏறி விற்றவன் நான், பேச்சின் தொடக்கத்தில் நீ எழுதியிருக்கிற அந்த இடம் உண்மை. அப்படிச் சேர்த்துப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் எடுத்த கடையை எண்பத்து மூன்று ஜூலையில் எரித்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரை வாசித்துப் பார்த்துத்தான் எரித்தார்கள். அடுத்த வருஷம் அதே தெருவில் மறுபடி தொடங்கினபோது, பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்த சோமபால மாத்தயா தானாகவே வந்து, உலகப்பன், என் பெயரைப் போட்டுக்கொள், சிங்களவன் பெயரை எவனும் கொளுத்த மாட்டான் என்றார். அப்படி வந்ததுதான் சோமா ட்ரேடர்ஸ் என்ற பெயர். காகிதத்தில் அவர் முதலாளி, நான் சேல்ஸ்மன். அதற்காக அவர் என்னிடம் ஒரு சதம் வாங்கியதில்லை, சித்திரை வருஷத்துக்கு நான் கொண்டு போகிற, இடுப்பில் கட்டுகிற சாரத்தையும் நல்லெண்ணெய் டின்னையும் மட்டும் வாங்கிக்கொள்வார். கடைக்குள்ளே வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும், உள்ளே என்னை முதலாளி என்று கூப்பிடுவார்கள், வெளியே யார் கேட்டாலும் சோமபால மாத்தயாவின் கடை என்பார்கள். உனக்குச் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடும் என்று பயம். நீ பெரியவளானபோது வெள்ளை வான் காலம் வந்துவிட்டது, தமிழ் வியாபாரிகளை அந்த வண்டியில் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்ட காலம், அப்போது எப்படிச் சொல்வது. காகிதத்தில் சேல்ஸ்மனாக இருந்ததால்தான் நான் உயிரோடு வீடு வந்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்தப் பொய்க்கு நான் வெட்கப்படவில்லை. சண்டை முடிந்து மூன்று வருஷம் கழித்து மாத்தயா கடையை என் பெயருக்கே எழுதித் தந்தார், அதைத்தான் உனக்கு வாங்கினேன் என்று சொன்னேன். பாமன்கடையில் பெத்தாள் பெரியம்மா வீடு என்று நீ விளையாடப் போவாயே, சுவரில் பென்சிலால் கிறுக்கியதற்கு அடி கூட வாங்கினாயே, அதுவும் நம்முடையதுதான். பெரியம்மா அதில் குடியிருந்தார், அவ்வளவுதான்.

இப்போது நான் வெட்கப்படுகிற இடத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து எட்டுக் கடைசியில் நீயும் செலீனும் ஒரே டியூஷன் வகுப்பு. செலீன் யார் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை, நம் கடை சேல்ஸ்மன் இராஜநாயகத்தின் மகள், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அந்தக் கல்லூரியின் வாக்கை முதலில் கண்டுபிடித்தது நீ இல்லை, அவள். ஏதோ லைப்ரரியில் பார்த்து, தன் காசில் இரண்டு பிரதி போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை உனக்குத் தந்தாள். நீ அதை மேசையில் விரித்து, அப்பச்சி, குடும்ப வருமானம் இதற்குக் கீழே இருந்தால் எல்லாம் அவர்களே தருவார்கள், உங்கள் சம்பளக் கடிதம் ஒன்று வேண்டும் என்றாய். நான் ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். புதிதாக ஒரு பொய்யும் எழுதத் தேவையில்லை, ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைத் தூக்கிக் கொடுத்தால் போதும். உயிருக்குப் பயந்து போட்ட சட்டையை அன்றைக்கு லாபத்துக்காகப் போட்டேன். வேறு வழி இருக்கவில்லையா என்றால் இருந்தது. பாமன்கடை வீட்டை விற்றிருக்கலாம், அந்தக் கல்லூரி இல்லையென்றால் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பியிருக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட கதிரையில் உன்னை உட்கார வைக்க வேண்டிய நிலையில் நான் இல்லை. மலிவாகக் கிடைக்கிற சரக்கை விடக்கூடாது என்று பழகின கை, விடவில்லை. அப்போது மாத்தயாவுக்கு வயதாகி, கடைப் பக்கம் வராமல் ராகமையில் வீட்டோடு இருந்தார். கடிதத்தைக் கொண்டு போனேன், வாசிக்காமலே கையெழுத்து வைத்தார், வைத்துவிட்டு, இராஜநாயகத்தின் மகளும் கெட்டிக்காரியாமே, அவளுக்கும் எழுதினால் ஒன்றாகக் கையெழுத்து வைக்கலாமே என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு பார்ப்போம் மாத்தயா என்றேன்.

ஒரு கிழமை கழித்து, டிசம்பர் பத்தாம் தேதி, கடை சாத்துகிற நேரம் இராஜநாயகம் வந்து நின்றார். முதலாளி, பிள்ளைக்கு ஒரு சம்பளக் கடிதம் வேணுமாம், அமெரிக்காவில ஏதோ படிப்பாம், கிடைக்கிற அலுவலோ என்னவோ, கேட்டுப் பாப்பம் எண்டு நிக்கிறாள் என்றார். கேட்கவே அவருக்குக் கூச்சம், கவுண்டரில் கிடந்த அளவுகோலைத் திருப்பித் திருப்பி வைத்தார். அதற்கென்ன, அடித்துத் தருகிறேன் என்றேன். அன்றைக்கே அடித்தேன். அடித்து முடித்து உன் கடிதத்தின் பிரதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே தாள், ஒரே முத்திரை, ஒரே வேலை, ஒரே சம்பளம். சம்பளம் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் உண்டு, காகிதத்தில் எனக்கு எவ்வளவு போடுவது என்று யோசித்தபோது இராஜநாயகத்துக்கு நான் கொடுக்கிறதைப் பார்த்துத்தான் போட்டேன். என்னுடைய பொய் அவருடைய உண்மை. அந்த இரண்டு கடிதமும் ஒரே வருஷம் ஒரே கல்லூரியின் ஒரே மேசைக்குப் போனால், இந்தச் சின்னக் கடையில் இரண்டு சேல்ஸ்மனா, இரண்டு பேருக்கும் கெட்டிக்கார மகளா என்று அங்கே ஒருவனாவது நினைப்பான், விசாரித்து எழுதுவான், விசாரித்தால் உன் இடம் போகும் என்று பயந்தேன். அவருடைய கடிதத்தை மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சியில், பொத்தான் அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். மாத்தயா குருநாகலில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்தவுடன் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று இராஜநாயகத்திடம் சொன்னேன். மாத்தயா ராகமையில்தான் இருந்தார், ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இராஜநாயகம், மாத்தயா வந்திட்டாரோ முதலாளி என்று கேட்பார், வற்புறுத்திக் கேட்க மாட்டார், மழை விட்டதா என்று கேட்பது போலக் கேட்பார். இருபத்தைந்தாம் தேதி நத்தாருக்கு அவருக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு போனஸ் கொடுத்தேன், அதற்கும் எனக்கு நன்றி சொன்னார். ஜனவரி முதலாம் தேதி கடைசி நாள், அது போயிற்று. மூன்றாம் தேதி நான் அவரிடம், நீர் பிந்திக் கேட்டுவிட்டீர், ஒரு கிழமை முந்திச் சொல்லியிருந்தால் மாத்தயா இங்கே இருந்தார், முடித்திருக்கலாம் என்றேன். அந்த மனுஷன், ஓம் முதலாளி, என்ர பிழைதான், நத்தார் வேலையில மறந்துபோனன் என்றார். மறந்ததாகக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். உனக்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும், பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப அவர்களுக்கு விருப்பமில்லையாம், அவளிடம் அதைக் கிளறிக் கேட்காதே, நோகும் என்று சொன்னேன்.

செலீனுக்கு இங்கே கம்பஸில் படிக்க இடம் கொஞ்ச மார்க்கில் தவறிற்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஒபிசில் கணக்கு கிளாக்காகச் சேர்ந்தாள், பின்னேரங்களில் படித்துப் பரீட்சை எடுத்து இப்போது அங்கேயே மேலே வந்திருக்கிறாள், தாய்க்கு பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தாள், தகப்பனுக்குக் கண் ஒபரேஷன் செய்வித்தாள். கெட்டுப்போகவில்லை. அதைச் சொல்லித்தான் ஒன்பது வருஷம் நான் நித்திரை கொண்டேன். அவள் விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, கல்லூரிக்காரன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன், அதுதான் என் குற்றம். இப்படியே நான் செத்தும் போயிருப்பேன், நீ அந்தப் பேச்சுக்குப் படம் கேட்காமல் இருந்திருந்தால். கடையில் நான் நிற்கிற பழைய படம் வேண்டும் என்றாயே, மறுநாள் திங்கட்கிழமை இராஜநாயகத்திடம்தான் கேட்டேன், கவுண்டரில் நானும் அவரும் நிற்கிற படம் அவர் வீட்டில் இருக்கிறது. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், எங்கட பிள்ளை வெள்ளைக்காரருக்குப் பேசப் போகுது என்று கடை முழுக்கச் சொன்னார். பிறகு கால்சட்டைச் சிப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், எங்கட செலீனுக்கும் நான் நேரத்துக்குக் கேட்டிருந்தா ஒருவேளை அதுவும் போயிருக்கும் முதலாளி, இப்பவும் சில நாள் நித்திரை வராது, ஒரு கடதாசி கேக்க மறந்த தகப்பன் எண்டு என்றார்.

அடுத்த ஞாயிறு காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பூசை முடிந்து இராஜநாயகம் மாதா கோயிலில் ஏதோ கூட்டம் என்று நின்றுவிட்டார், அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் நானும் போனேன், அதையும் மறைக்கவில்லை. அவர் மனைவி பேர்ணடெற் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று குசினிக்குப் போய்விட்டார். செலீன் ஒபிசுக்குப் போடுகிற சட்டைகளை மடித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை, ஒரு சட்டையை முடித்து மற்றதை எடுத்தாள். கடை உங்கட எண்டு எனக்குப் பத்து வயசிலேயே தெரியும் அங்கிள், அப்பா உங்களை முதலாளி எண்டுவார், சேல்ஸ்மன் எப்பிடி முதலாளி ஆவார் எண்டு கேட்டன், அப்பா என்னைக் கூப்பிட்டு இருத்தி, இது ஒரு மனுஷன்ர உயிர்ப் பிரச்சினை, வாய் திறக்கக் கூடாது எண்டு மாதாவில சத்தியம் வாங்கினவர், உங்கட மகளுக்குக்கூட நான் சொன்னதில்லை என்றாள். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் அன்றைக்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்பியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு எதிராகத்தான் நான் லாச்சியை மூடினேன்.

நான் வியாபாரிதானே, உடனே சல்லியைத்தான் எடுத்தேன், நீ இனிமேல் எங்கே என்ன படிக்க விரும்பினாலும் முழுச் செலவும் என்னுடையது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் கணக்குப் பாக்கிற ஆள் அங்கிள், சல்லி வாங்கினா என்னத்துக்கு எண்டு எழுதோணும், என்னெண்டு எழுதுறது என்றாள். பிறகு இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எனக்கு அந்தக் கடிதத்தைத் தாங்கோ என்றாள். எனக்கு விளங்கவில்லை. அப்பா எந்தத் தேதியில கேட்டவர், அவருக்கு எவ்வளவு சம்பளம், ஏன் கடிதம் வரேல்ல, அதை உண்மையான முதலாளி கையெழுத்து வச்சு எழுதித் தாங்கோ, எனக்கில்லை, அப்பாட கையில குடுங்கோ, அவர் இவ்வளவு காலமும் தான்தான் பிந்தினது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார் என்றாள். மடித்த சட்டையைத் தட்டி வைத்துவிட்டு, அப்படி எழுதினா நாகுவுக்குப் பிரச்சினை வருமே, யோசிச்சு எழுதுங்கோ என்று அவளே சொன்னாள். ஆத்தா, அவள் சொன்னது சரி. அந்த வருஷம் நான்தான் முதலாளி என்று நான் கையெழுத்து வைத்தால், அது அவளுடைய தகப்பனுக்குக் கடிதம், உனக்கு எதிரான சாட்சி.

திங்கள் எழுதியிருக்க வேண்டும், தீபாவளி வியாபாரம் என்று தள்ளினேன். செவ்வாயும் தள்ளினேன். இராஜநாயகம் என் முன்னாலேயே லேஸ் அளந்துகொண்டிருந்தார், நான் அவர் கடிதத்தை மறுபடி பிந்தவைத்துக்கொண்டிருந்தேன், அதே மனுஷனுக்கு அதே வேலையை. தீபாவளிக்கு மறுநாள் வியாழக்கிழமை, கடை திறந்தவுடன் எழுதினேன். டைப் அடிக்கவில்லை, கையால் எழுதினேன். இராஜநாயகம் என்னிடம் சம்பளக் கடிதம் கேட்டது டிசம்பர் பத்தாம் தேதி, கல்லூரி கொடுத்த கடைசி நாளுக்கு இருபத்திரண்டு நாளுக்கு முன், அவர் பிந்தவில்லை, கடிதம் அன்றைக்கே தயாராக இருந்தது, என் மகளின் இடம் போய்விடும் என்று பயந்து கொடுக்காமல் வைத்தவன் நான், மாத்தயா குருநாகலுக்குப் போகவில்லை என்று எழுதி, சம்பளத்தையும் எழுதி, கீழே உரிமையாளர் என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். எரிந்த கடைக்குப் பிறகு, பழைய திகதி ஒன்றுக்கு நான் உரிமையாளர் என்று கையெழுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார், மேலே போய் மறுபடி வாசித்தார். வெளியே நாட்டாமைக் கூலிகள் மூட்டை இறக்குகிற சத்தம், நான் அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தாளைப் பார்த்துக்கொண்டே, அப்ப நான் நேரத்துக்குத்தான் கேட்டிருக்கிறன் என்றார். அவ்வளவுதான். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அரை நாள் லீவு தாங்கோ முதலாளி, இதைப் பிள்ளையிட்டக் காட்டோணும் என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அரை நாள் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் சொல்லவில்லை. பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்து போனார். வெள்ளியும் சனியும் கடைக்கு வரவில்லை. நாளைக்கு வருவாரா என்று தெரியவில்லை, வராவிட்டால் நான் போய்க் கேட்க உரிமையில்லை.

இனி நீ. உன் பேச்சை நான் எழுத முடியாது, ஆனால் சேல்ஸ்மன் மகள் என்று அந்த மேடையில் நிற்காதே. நிற்காமல் விடுவதா, நின்று உள்ளதைச் சொல்வதா, கல்லூரிக்காரரைத் தனியே கண்டு முதலில் சொல்வதா, நீ படித்தவள், உனக்கு முறை தெரியும். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று மட்டும் நான் எழுத மாட்டேன். பாமன்கடை வீட்டைப் புரோக்கரிடம் சொல்லிவிட்டேன், பெரியம்மா நம்மோடு வந்து இருப்பார். முழுதும் கட்டக் காணாது, ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதிரை கிடைக்கிற அளவுக்காவது வரும், அனுப்புகிற வழியை நீ கேட்டு எழுது. இதைப் போனில் சொல்லாததற்கு மற்றக் காரணம் இதுதான், அந்தப் பாரத்தில் கையெழுத்து உன்னுடையது, நாளைக்கு யாராவது உன்னைக் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்ட ஒரு தாள் வேண்டும். திகதியோடும் கையெழுத்தோடும் இது அந்தத் தாள். பத்திரமாக வை. என்னைக் காப்பாற்ற வேண்டுமென்று இதைக் கிழித்துவிடாதே, காகிதத்தால் காப்பாற்றப்பட்டது எனக்குப் போதும்.

செலீனுக்கு நீ எழுது, எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, உன் சிநேகிதி என்று எழுது. அவள் வீட்டுக்குப் பயந்த பிள்ளை என்று நீ நினைத்து விட்டுப்போன சிநேகம் அது, நான் சொன்னதை நம்பி. என்னோடு கோபமென்றால் கோபமாகவே இரு, ஞாயிறு போன் மட்டும் அம்மாவுக்கு எடுக்காமல் விடாதே, செருப்பு விஷயத்தையும் மறக்காமல் சொல். வேளைக்குச் சாப்பிடு, பனியில் காது மூடாமல் நடக்காதே. கதிரேசன் அருளால் நீ எந்த மேடையில் ஏறினாலும் தலை நிமிர்ந்து இறங்க வேண்டும், நான் கெடுத்தது உன் தலையில் விழாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பச்சி
உலகப்பன்
உரிமையாளர், சோமா ட்ரேடர்ஸ், 1984 முதல்

இராஜநாயகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. அசல் அவருடைய சட்டைப் பையில்.